மலையடி ஸ்டுடியோவில் வண்ணாத்தி மீன்

போட்டோ தொழிலுக்கு மூலதனம் காமிரா இல்லை, "ஆடாம நில்லுங்க" என்று அலுக்காமல் சொல்லும் வாய். அந்த வாய்க்கு வேலையே இல்லாமல் செய்துவிடும் வாடிக்கையாளர் உலகத்திலேயே மீன் ஒன்றுதான்.

வீட்டில் மீன்தொட்டி வைத்து, ஊராரிடம் பைத்தியம் என்றும் வீட்டுக்காரியிடம் அதற்கு மேலும் பெயர் வாங்கிய சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தங்க மீன் வளர்த்தவர்கள் கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள். உங்கள் துன்பம் சின்னத் துன்பம். கடல் மீன் வளர்த்தவர்கள், அதுவும் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஊரில் வளர்த்தவர்கள், முன்னால் வந்து உட்காருங்கள்.

எழுபதுகளின் கடைசியில் திருச்செங்கோட்டில், மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு. கறுப்பு வெள்ளையில் நான் எடுக்கும் படங்களுக்கு என் மனைவி கமலம் கையால் கலர் பூசுவாள். கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவைக்கு அவள் பூசும் சிவப்பு, கடையில் வாங்கிய சிவப்பைவிட நன்றாக இருக்கும். ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்கும் நடுவில், நடையில், ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் அந்தத் தண்ணீரின் வெளிச்சம் மேல்கூரையில் மெதுவாக நெளியும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தால் வீடே எங்கோ மிதந்து போவது போல இருக்கும். வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளர் மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கும்.

எந்தச் சக்கரத்துக்கு?

சின்னையன் லாரி டிரைவர். தூத்துக்குடிக்குப் போய் உப்பு ஏற்றி வருவார். லைசென்சுக்குப் படம் எடுக்க வந்தவர், என் தொட்டியில் இருந்த தங்க மீன்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கடல்ல இருக்கறதைப் பாத்தீங்கன்னா இதையெல்லாம் நீங்க மீனுன்னே சொல்ல மாட்டீங்ணா" என்றார். அடுத்த முறை வந்தபோது உப்பு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு டிரம் நிறையக் கடல் தண்ணீர் வந்தது. அதற்குள் உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக, பெரிய கண்களோடு ஒரு முள்ளம்பேத்தை மீன். என்னைப் பார்த்ததும் அது பந்து மாதிரி உப்பிக்கொண்டது. எனக்கு அந்த நிமிஷமே புத்தி பேதலித்துவிட்டது என்று கமலம் இன்றைக்கும் சொல்கிறாள். அவள் சொல்வது சரி.

அவ்வளவு தூரம் எப்படி உயிரோடு வந்தது என்று கேட்டேன். சின்னையன் லாரி டயரின் டியூப் ஒன்றில் காற்றை நிறைத்து, அதன் வாயில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையைத் தண்ணீரில் விட்டிருந்தார். காற்று குமிழ் குமிழாகக் கசிந்துகொண்டே வந்திருக்கிறது. டியூப் தளர்ந்தால் வழியில் பஞ்சர் கடையில் நிறுத்தி மறுபடி காற்றடைத்துக்கொண்டாராம்.

"பஞ்சர் கடைக்காரன் 'எந்தச் சக்கரத்துக்கு?'ன்னு கேட்டானுங்ணா. 'சக்கரத்துக்கில்ல, மீனு மூச்சு உடறதுக்கு'ன்னேன். அப்பறம் அவன் எங்கிட்டப் பேசவே இல்லீங்ணா."

தொட்டிக்குள் இறங்கியவர்

தங்க மீன்களை ஒரு அண்டாவுக்கு மாற்றிவிட்டு, கடல் தண்ணீரோடு அதைத் தொட்டியில் விட்டேன். மீன் வந்தால் போதுமா? படம் எடுக்க வேண்டாமா? ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கழுவிப் பிரிண்ட் போட்டபோது தட்டில் மெதுவாக உருவம் எழுந்தது. முதலில் முள். அப்புறம் கண். அதற்குப் பின்னால் பனியனும் கைலியுமாக ஒரு மனுஷன், வயிற்றுக்கு நேரே காமிராவைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடியில் விழுந்த என் பிம்பம்! மீன் என் வயிற்றுக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு முன்னால் கறுப்புத் துணி கட்டி, அதில் லென்ஸ் மட்டும் நுழையும் ஓட்டை போட வேண்டும் என்ற ஞானம் எனக்குப் பிறகுதான் வந்தது. பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் தொங்கவிடும் வெல்வெட் துணிதான் அதற்குப் பலியானது. ஆனால் அந்த முதல் படத்தை நான் கிழிக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் நிஜமாகவே அங்கே இருந்ததாகத்தான் எனக்குத் தோன்றும். கமலம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீனு நல்லாத்தானுங்க வந்திருக்குது. நீங்க எதுக்குங்க உள்ள எறங்குனீங்க?"

ருசி

நாச்சிமுத்து, தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டி போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர். நல்ல உயரம், பேச்சு கொஞ்சம். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. அவர் வண்டி நின்ற தோட்டங்களில் எல்லாம் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கம்ப்ரசர் ஊரைக் கூட்டிக் கத்தி, கடைசியில் வெறும் மண்தூசிதான் வானத்துக்குக் கிளம்பியது. 'ராசி கெட்ட வண்டி' என்று ஒருவன் சொன்னான். எங்கள் பக்கத்தில் ஒருவன் சொன்னால் போதும், ஊரே சொன்ன மாதிரிதான். இருக்கிற வேலையும் அடுத்த வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. வேலையில்லாத சாயங்காலங்களில் அவர் என் நடையில் வந்து ஸ்டூலைப் போட்டுத் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவார். மணிக்கணக்கில் மீனையே பார்ப்பார். தண்ணீர் வெளிச்சம் அவர் சட்டையில் நெளிந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய சொந்தத் தோட்டத்து போரிலேயே உப்புத் தண்ணீர்தான். சோளம்கூட முளைக்காது, மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். "அந்தத் தண்ணியில இந்த மீனாச்சும் பொழைக்காதுங்களா?" என்றார். பூமிக்கடியில் இருக்கிற உப்பு வேறு, கடல் உப்பு வேறு என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் தடுப்பதற்குள் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க தோட்டத்துத் தண்ணிக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

கரண்டு போன மத்தியானம்

கல்யாணமான ஜோடிகள் மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு, இறங்கும்போது ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். பள்ளிபாளையத்திலிருந்து ஒரு ஜோடி வந்திருந்தது. தறிக்காரக் குடும்பம். பெண் சிரிக்கவே மாட்டேன் என்றாள். என் வாய்ஜாலம் எல்லாம் தீர்ந்து, கடைசியில் "மூக்கு மேல ஈ உக்காந்திருக்குதுங்க" என்ற பிரம்மாஸ்திரத்தையும் விட்டாயிற்று. அப்போது கரண்டு போனது. விளக்கு போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நடையில் காற்றுப் பம்பின் சத்தம் நின்றது. அது நின்றால் மீனுக்கு மூச்சு இல்லை.

இந்த மாதிரி நேரத்துக்கென்று காற்றடைத்துச் சுவரில் மாட்டியிருந்த லாரி டியூபை எடுத்துக்கொண்டு ஓடினேன். குழாயைப் பிடிக்கும் கிளிப் அந்த நேரம் பார்த்துத்தானா உடைய வேண்டும்! மாப்பிள்ளை ஓடி வந்து பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்து டியூபை மடியில் வாங்கிக்கொண்டார். பெண் குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தாள். கொஞ்சம் விட்டால் குமிழ் கொட்டும், இறுக்கினால் நின்றுவிடும். நூல் பிடித்துப் பழகிய விரல்கள், அளவு தானாக வந்தது. பின்கதவு வழியாக மட்டும் வெளிச்சம். மல்லிகைப்பூ வாசம், உப்பு வாசம். முள்ளம்பேத்தை அந்தக் குமிழ்களுக்குப் பக்கத்தில் வந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் முகத்தில் தண்ணீரின் அலை ஏறி இறங்கியது. அவள் சிரித்தாள். காமிரா முன்னறையில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வர எனக்கு மனசு வரவில்லை. எடுக்காமல் விட்ட படங்களிலேயே அதுதான் நல்ல படம். குழாயை விடாமலே அவள் சொன்னாள்:

"கரண்டு போனா எங்கூர்ல தறிதானுங்க நிக்கும். இங்க உசுரே நிக்கப் பாக்குதுங்களே!"

காவேரி மட்டி

அந்த ஐப்பசியில் சின்னையன் கொண்டுவந்ததுதான் வண்ணாத்தி மீன். கடற்கரையில் வண்ணத்துப்பூச்சிக்குச் சொல்லும் பெயரை இந்த மீனுக்கும் வைத்திருக்கிறார்கள். முள்ளம்பேத்தையை டிரம்முக்கு மாற்றிவிட்டு இதைத் தொட்டியில் விட்டேன். தட்டையாக, உள்ளங்கை அகலம். முன்பாதி வெள்ளை, பின்பாதி மஞ்சள். அது எந்த மஞ்சள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாம்பழமும் இல்லை, செவ்வந்தியும் இல்லை. அது திரும்பும்போது நடை முழுக்க வெளிச்சமாகிற மாதிரி இருக்கும்.

நாச்சிமுத்து அதைப் பார்த்த சாயங்காலம் முதல் முறையாக நிறையப் பேசினார். எல்லா போர் கம்பெனிக்காரர்களும் தை பிறந்தால் சாமி படம் போட்ட காலண்டர் கொடுப்பார்கள். "நான் இந்த மீனைப் போடறனுங்க. பாக்கறவனுக்குத் தண்ணி நெனப்பு வரோணும். எம் பேரும் கூடவே நெனப்பு வரோணும். இந்தத் தையிலயும் வேலை வரலீன்னா வண்டிய வித்துப்போட வேண்டியதுதானுங்க" என்றார். கலரில், அதுவும் காலண்டருக்கு! என் மீன் ஒன்று ஊர் ஊராகச் சுவரில் நீந்தப் போகிறது.

ஒரே ஒரு சிக்கல். மீன் சாப்பிடவில்லை. இறால் தூள் போட்டேன், மண்புழு போட்டேன், தேங்காய்ப்பூ போட்டேன். சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நாளுக்கு நாள் வயிறு ஒட்டிக்கொண்டு வந்தது. இருக்கிறபடியே எடுத்துவிடலாம், செத்தால் நிறம் போய்விடும் என்று நான் அவசரப்பட்டேன். நாச்சிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. "வவுறு காஞ்ச மீனைக் காலண்டர்ல போட்டா எவனுங்க என்னைய போர் போடக் கூப்புடுவான்?" என்றார். நியாயம்தான்.

கடலோரத்தில் மட்டிச் சிப்பியைப் பிளந்து கல்லிடுக்கில் வைத்தால் இந்த மீன் கொத்தும் என்று சின்னையனுக்கு ஞாபகம் வந்தது. கடல் மட்டிக்கு எங்கே போவது? நாச்சிமுத்து தன் ரிக் வண்டியையே எடுத்துக்கொண்டு பள்ளிபாளையம் போனார். வேலையில்லாத வண்டிதானே. காவேரிக் கரையில் சேற்றைத் துழாவி ஒரு வாளி ஆற்று மட்டி அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றைக் கழுவிப் பிளந்து, ஓட்டோடு தொட்டியில் இறக்கினேன். நான், நாச்சிமுத்து, சின்னையன் மூன்று பேரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றோம். மீன் வந்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தது. மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் தன் கூர்மையான வாயால் ஒரு கொத்து. இன்னொரு கொத்து. நாச்சிமுத்து என் தோளைப் பிடித்திருந்த இடம் மறுநாளும் வலித்தது. சின்னையன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எப்பவும் காவேரிதானுங்ணா கடலைத் தேடிப் போகும். இப்பத்தான் கடலு காவேரியத் தேடி வந்திருக்குது."

கமலத்திடம் இல்லாத நிறம்

வயிறு நிறைந்து உடம்பு தேறியதும் ஒரு காலை வெயிலில் எடுத்தோம். ஸ்டுடியோ விளக்குகளைப் போட்டால் தண்ணீர் சுட்டுவிடும். அதனால் கமலம் கொல்லைப்பக்கம் நின்று, நிலைக்கண்ணாடியைச் சாய்த்து, சூரியனைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டாள். நாச்சிமுத்து கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு கண்ணாடிப் பலகையைச் செருகி மீன் பின்னால் போகாதபடி செய்திருந்தேன். ஓட்டை வழியே பார்த்தால் வெயிலில் தங்கத் தூள் மிதக்கிற மாதிரி இருந்தது, அதற்கு நடுவில் அது. "ஆடாம நில்லு சாமி" என்றேன், பழக்க தோஷம். அது நின்றது! சத்தியமாக நின்றது. நீங்கள் நம்ப வேண்டாம், கூட இருந்த இரண்டு பேரும் நம்பினார்கள்.

பிலிமைக் கழுவ மதராஸுக்கு அனுப்பினேன். படம் அங்கிருந்து அச்சுக்கும் போய்விட்டது. மார்கழியில் ஒரு காலை மீன் தரையோடு சாய்ந்து கிடந்தது. கடல் மீன் காரணம் சொல்லிவிட்டுச் சாவதில்லை, இதைப் படிக்கிற உங்களுக்கு அது தெரியும். நான் வெளியே எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் வடிந்து, சாம்பல் பூத்து, சாதாரண மீனாக ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. மீனுக்காக அழுதேன் என்று சொல்ல வெட்கப்பட மாட்டேன்.

கமலம் கலர் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தில் மஞ்சளைக் கலந்து கலந்து பார்த்தாள். கொஞ்சம் சிவப்பு சேர்த்தாள், தண்ணீர் விட்டாள், துடைத்தாள். என் சோகத்துக்கு அவள் செய்யத் தெரிந்த வைத்தியம் அது. மத்தியானச் சோற்று நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தூரிகையைக் கழுவி வைத்தாள்.

"இந்த மஞ்சள் எங்கிட்ட இல்லீங்க."

பொட்டு

தை பிறந்து காலண்டர் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. என் மீன், நாச்சிமுத்துவின் கம்பெனிப் பெயருக்கு மேலே, நீலத் தண்ணீரில். அச்சுக்காரர் மஞ்சளைக் கொஞ்சம் கேசரி நிறமாக்கியிருந்தார். ஆனாலும் அது உயிரோடு இருந்தது, மட்டியைக் கொத்தப் போகிற அவசரத்தில் இருந்தது. நாச்சிமுத்து டீக்கடை, அரிசி மில், சந்தை என்று தூக்கிக்கொண்டு அலைந்தார். கொடுத்த இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: "இதுல சாமி எங்கீங்க?" சாமி இல்லாத காலண்டரை எந்த வீட்டில் மாட்டுவார்கள்? ஒரு மளிகைக் கடையில் மிளகாய்ப் பொட்டலம் அதிலேயே கட்டிக் கொடுத்ததை அவரே பார்த்துவிட்டார். அதற்கப்புறம் என் நடைக்கு வரவில்லை. காலண்டர் கட்டு பாதிக்கு மேல் ரிக் வண்டியிலேயே கிடந்தது. வண்டியை விலைக்குப் பார்க்க ஆள் வந்து போனதாகச் சின்னையன் சொன்னார். சாமியோடு ஒரு மூலையில் மீனைப் போடுங்கள் என்று நானாவது சொல்லியிருக்க வேண்டும்.

மாசியில் நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போனேன். வாசலில் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்து, வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. சுற்று வட்டாரமே காய்ந்து கிடக்கும்போது அந்தச் சத்தம் ஏதோ தூக்கத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. உள்ளே போனேன். சாமி அறையில், விளக்குக்கு நேர் மேலே, என் வண்ணாத்தி! செம்பருத்திப் பூ செருகி, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். பொட்டு வாலோரத்தில் இருந்தது. இந்த மீனுக்கு நிஜக் கண்ணைக் கறுப்புப் பட்டை ஒன்று மறைத்திருக்கும், பின்பக்கம் வாலுக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். கடிக்க வருகிற பெரிய மீன் அதைக் கண் என்று நினைத்து ஏமாந்து போகும். பெரிய மீனே ஏமாறும்போது வீட்டுக்கார அம்மா என்ன செய்வார், பாவம். அதுதான் முகம் என்று நினைத்து நாள் தவறாமல் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

யார் போர் போட்டார்கள் என்று கேட்டேன். நாச்சிமுத்து வண்டிதான். மற்ற காலண்டரில் எல்லாம் சாமி கையைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது, இதில்தான் தண்ணீர் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லி, அந்த வண்டியைக் கூப்பிட்டாராம். தண்ணீர் பீய்ச்சி அடித்ததில் வேப்பமரமே நனைந்ததாம். அன்றைக்கே பக்கத்துத் தோட்டக்காரர்கள் வண்டிக்குச் சொல்லிவிட்டார்களாம், ஆளுக்கொரு மீன் காலண்டரும் கேட்டு வாங்கிப் போனார்களாம். வண்டியைப் பார்க்க வந்த ஆளை நாச்சிமுத்து திருப்பி அனுப்பிவிட்டார் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா, பொட்டு வெச்சிருக்கறது வாலுங்க, மொகம் அந்தப் பக்கமுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் படத்தை ஒரு தரம் பார்த்தார், வாசலில் ஓடும் தண்ணீரை ஒரு தரம் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமிக்கு எந்தப் பக்கம் பொட்டு வெச்சா என்னங்க, தண்ணி வந்துதுங்கல்ல?"

ஆக, இத்தனை வருஷத் தொழிலில் ஆடாமல் நிற்கச் சொல்லி நான் எடுத்த எத்தனையோ முகங்களில் ஒன்றைக்கூட யாரும் கும்பிடவில்லை, கும்பிட்டது ஒரு வாலைத்தான்.